விளாம்பழத்தில் 7 கிராம் புரதமா?

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் எங்கள் ஊர்ச் சந்தையில் விளாம்பழத்துக்குத் தனி மவுசு வந்துவிடும். களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை, அருகம்புல் கட்டு, சோளக்கதிர் எல்லாம் பரப்பிய வரிசையில் ஒரு கோணிச் சாக்கை விரித்து, சாம்பல் பூசினது போல வெளுத்த ஓட்டோடு விளாம்பழங்களைக் குவித்திருப்பார்கள். ‘கபித்த ஜம்பூ பலஸார பக்ஷிதம்’ என்று பிள்ளையார் சுலோகத்தில் வருகிற கபித்தம் இதுதான். ஜம்பூ நாவல். சதுர்த்தி முடிந்துவிட்டால் அடுத்த வருடம் வரை இதைத் தேடிப் போய் வாங்குகிறவர்கள் குறைவு.

போன வருடம் நான் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, விற்கிற அம்மா என் கையிலிருந்த பழத்தை வாங்கி, முழங்கால் உயரத்திலிருந்து தரையில் விட்டார். டக்கென்று எழும்பி உருண்டது. "இது காய் தம்பி, துவையலுக்குத்தான் ஆகும்" என்று ஒதுக்கிவிட்டு இன்னொன்றைப் போட்டார். அது விழுந்த இடத்திலேயே மொத்தென்று உட்கார்ந்தது. எடுத்து என் காதருகே ஆட்டினார். உள்ளே ஏதோ அசைகிற சத்தம். நன்றாகப் பழுத்ததும் சதை சற்றுச் சுருங்கி, புளியம்பழமும் ஓடும் போல ஓட்டை விட்டு விலகிவிடும். அதுதான் அந்தச் சத்தம்.

மறுநாள் படையல் முடிந்ததும் அம்மிக் குழவியால் ஒரு தட்டு தட்டி உடைத்தோம். பழுப்பு நிறச் சதை, புளிப்பும் லேசாகப் புளித்துப்போன மாதிரி ஒரு மணமும், வெல்லத்தை நசுக்கிப் போட்டுக் கரண்டியால் கிளறினால் தட்டுப்படும் சின்னச் சின்ன விதைகள். எல்லோரும் ஓட்டிலிருந்தே வழித்துத் தின்றுகொண்டிருந்தபோது அக்கா மகள் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, 100 கிராம் விளாம்பழத்துல 7 கிராம் புரோட்டீனாம். ஒரு முட்டைக்குச் சமம்னு போட்டிருக்கு."

முட்டையைப் பற்றிய கணக்கு சரிதான். 50 கிராம் எடையுள்ள கோழிமுட்டையில் ஆறரை கிராம் போலப் புரதம் இருக்கும். ஆனால் பழம்? வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு 1.2 கிராம், மாம்பழத்தில் 0.6, ஆப்பிளில் 0.2. பழம் என்றாலே தண்ணீரும் சர்க்கரையும் கொஞ்சம் நாரும்தான். அந்த வரிசையில் ஒன்று மட்டும் 7 கிராமோடு நின்றால் சந்தேகம் வரத்தான் வேண்டும். அந்தச் சந்தேகத்தைத் துரத்திக்கொண்டு போனதில் விளாம்பழத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதைவிட, ஊட்டச்சத்து எண்கள் எப்படிப் பிறக்கின்றன, எப்படித் தடம் மாறுகின்றன என்று தெரிந்துகொண்டது அதிகம்.

முதலில், அந்த 7 யாரோ இட்டுக்கட்டியது இல்லை. நம் நாட்டு உணவுகளை வேதிமுறையில் அளந்து அட்டவணை போடும் வேலை தமிழ்நாட்டிலேயே, குன்னூரில் தொடங்கியது. 1918இல் அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஓரறை ஆய்வுக்கூடம் வளர்ந்து 1928இல் ஊட்டச்சத்து ஆய்வகமாயிற்று. அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற அய்க்ராய்ட் காலத்தில், 1937இல், இந்திய உணவுகளின் சத்து அட்டவணை முதன்முதலாக அரசின் சுகாதார வெளியீடாக வந்தது. 1958இல் ஆய்வகம் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. 1971இல் கோபாலன், ராமசாஸ்திரி, பாலசுப்பிரமணியன் மூவரும் விரிவாக்கி வெளியிட்ட அட்டவணைதான் இன்று வரை கல்லூரிப் பாடத்திலும் மருத்துவமனை உணவுப் பட்டியலிலும் இணையக் கட்டுரைகளிலும் சுற்றிவருகிறது. 2017இல் 528 உணவுகளை நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து மாதிரி எடுத்து அளந்த புதிய அட்டவணை வந்துவிட்டது. ஆனாலும் விளாம்பழம் என்று தேடினால் கண்ணில் படுவது பெரும்பாலும் பழைய எண்கள்தான். அதனால் நானும் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வரி இப்படிப் போகிறது. 100 கிராம் விளாம்பழச் சதையில் நீர் 64.2 கிராம், புரதம் 7.1, கொழுப்பு 3.7, தாது உப்பு 1.9, நார் 5.0, மாவுச்சத்து 18.1. ஆற்றல் 134 கலோரி.

ஆறு எண்களையும் கூட்டிப் பாருங்கள். சரியாக 100.0 வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து அப்படி ஒரு பொருத்தம் அமைந்துவிடவில்லை. நீர், புரதம், கொழுப்பு, தாது, நார் ஐந்தையும் அளந்துவிட்டு, நூறிலிருந்து கழித்து மிஞ்சுவதை மாவுச்சத்து என்று எழுதிவிடுவார்கள். ஆக, மாவுச்சத்து என்ற கட்டத்தில் இருப்பது சர்க்கரை மட்டும் இல்லை; மற்ற ஐந்தில் சேராத எல்லாமே அதற்குள் இருக்கும். விளாம்பழத்துக்குப் புளிப்பைக் கொடுக்கும் அமிலங்கள்கூட அந்த 18.1க்குள்தான் அடங்குகின்றன.

இப்போது புரதத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக எடுத்து எடை போடுவது இல்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த யொஹான் கெல்டால் 1883இல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். மாதிரியைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலிருக்கும் நைட்ரஜன் எவ்வளவு என்று பார்ப்பது. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கும் என்ற கணக்கில், வந்த எண்ணை 6.25ஆல் பெருக்கினால் புரதம். பின்னோக்கிப் போனால், நம் 7.1 கிராம் என்பது ஆய்வகத்தில் கண்ட சுமார் 1.14 கிராம் நைட்ரஜன். அவ்வளவுதான் அளக்கப்பட்டது. மிச்சம் பெருக்கல்.

நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் இந்த முறைக்கு ஒன்றுதான். தனி அமினோ அமிலம், அமைடு, செடி தன் தேவைக்குச் சேர்த்துவைத்த வேறு நைட்ரஜன் சேர்மம் எல்லாமே புரதக் கணக்கில் ஏறிவிடும். 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த தொழிற்சாலை ரசாயனத்தைக் கலந்து குழந்தைகளைப் பலிகொண்டவர்கள் பயன்படுத்திக்கொண்டது இந்த ஓட்டையைத்தான். நீர் கலந்த பாலில் மெலமைனின் நைட்ரஜனைச் சேர்த்தால் புரதம் கூடியது போலச் சோதனையில் தெரியும். விளாம்பழத்தில் யாரும் எதையும் கலக்கவில்லை. அட்டவணையில் தவறும் இல்லை. அந்த எண்ணுக்குச் சொந்தப் பெயர் ‘கச்சாப் புரதம்’. கட்டுரைகளுக்கு வரும்போது ‘கச்சா’ உதிர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. புரதம் கூடுதலாகக் கணக்கிடப்பட்டிருந்தால் மாவுச்சத்து அதே அளவு குறைவாக எழுதப்பட்டிருக்கும், ஏனென்றால் அது கழித்து வந்த எண். இரண்டுக்குமே கிராமுக்கு 4 கலோரி என்பதால் 134 என்ற மொத்த ஆற்றல் அசையாது. உள்ளே பங்கு மாறினாலும் கூட்டுத்தொகை அப்படியே நிற்கும். அதனால் இந்தக் குழப்பம் விளாம்பழத்தின் கலோரியைத் தொடாது, புரதத்தை மட்டும் ஒரு கை குறைத்தே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் கச்சாப் புரதம் என்ற ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடவில்லை. அந்த அட்டவணையில் 7.1ஐவிட வியப்பான எண் அடுத்த கட்டத்தில் இருக்கிறது: கொழுப்பு 3.7 கிராம். பசும்பாலிலேயே 4.1 தான். அவகாடோ போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்குகளை விட்டுவிட்டால் பழச்சதையில் கொழுப்பு அரை கிராமைத் தாண்டுவதே அரிது. விளாம்பழம் தின்னும்போது நாக்கில் எண்ணெய்ப்பசை தெரிவதும் இல்லை. அப்படியென்றால் இந்தக் கொழுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

விதையில். விளாம்பழத்தின் விதையைச் சதையிலிருந்து பிரிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், அது நடக்கிற காரியம் இல்லை. மாம்பழத்தில் கொட்டை தனி, சீத்தாப்பழத்தில் வாயில் போட்டுத் துப்பிவிடலாம். விளாவில் மாவு போன்ற சதை முழுக்க நூற்றுக்கணக்கில் சிறு விதைகள் ஒட்டிக் கிடக்கும். தின்கிறவர்கள் அப்படியே தின்கிறார்கள். உண்ணும் பகுதி என்று ஆய்வகம் அரைத்து எடுத்ததும் பெரும்பாலும் விதையோடு சேர்ந்த சதையாகத்தான் இருந்திருக்க வேண்டும். விதையைத் தனியே அளந்த பழைய பகுப்பாய்வு ஒன்றில் அதில் 26 சதவீதம் புரதமும் 27 சதவீதம் கொழுப்பும் இருந்ததாகக் கண்டிருக்கிறார்கள். புரதத்தில் ஏறக்குறைய நிலக்கடலையின் ரகம்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சதையில் மட்டும் கொழுப்பு மற்றப் பழங்களைப் போல 0.3 கிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள 3.4 கிராமும் விதையிலிருந்து வரவேண்டும். அதற்கு 100 கிராமில் 12, 13 கிராம் விதை இருக்க வேண்டும். கரண்டியில் அள்ளிப் பார்த்தால் அது நம்பமுடியாத அளவு ஒன்றும் இல்லை. அவ்வளவு விதை இருந்தால் அதிலிருந்து மட்டும் 3 கிராமுக்கு மேல் புரதம் வந்துவிடும். அதாவது 7.1இல் ஏறக்குறைய பாதி விதைக்குள் இருக்கிறது. இது என் ஊகக் கணக்குதான், ஆய்வு முடிவு இல்லை. ஆனால் கொழுப்பு, புரதம் என்ற இரண்டு புதிர்களுக்கும் ஒரே சாவி பொருந்துவதால் இதை நான் நம்புகிறேன்.

இதைச் சொன்னதும் அக்கா மகள் கேட்டாள்: "நான் விதையை மெல்லவே இல்லையே, அப்படியே முழுங்கிட்டேனே?" சரியான கேள்வி. விதையின் தோல் கெட்டி. மெல்லாமல் விழுங்கினால் அது வந்த மாதிரியே போய்விடும். அதிலுள்ள எண்ணெயும் புரதமும் நமக்கு ஒட்டாது. விளா மரம் அதைத்தான் விரும்புகிறது. ஓட்டோடு விழுங்கும் யானை விதையை எங்கேயோ கொண்டுபோய்ச் சாணத்தோடு போடும், அங்கே அது முளைக்கும். ‘யானை உண்ட விளாங்கனி’ என்று வெளியே முழுசாக இருந்து உள்ளே ஒன்றும் இல்லாததைச் சொல்வது தமிழில் பழைய வழக்கு. பழம் யானைக்கு, விதை காட்டுக்கு என்ற ஏற்பாடு அது. ஆய்வகத்து அரவை இயந்திரத்துக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாது, விதையையும் தூளாக்கி அளந்துவிடும். அட்டவணையில் உள்ள 7 கிராம் நன்றாக மென்று தின்கிறவருக்கு உரியது.

அடுத்து, கால்சியம். 130 மில்லிகிராம். பசும்பாலில் 120 என்பதால் ‘பாலைவிட அதிகக் கால்சியம்’ என்று இதை ஒரு வரியில் தூக்கிப்பிடிக்கிறார்கள். எண் சரி, ஒப்பீடு பாதிதான் சரி. பாலை நாம் 100 மில்லி அளந்து குடிப்பதில்லை. 250 மில்லி டம்ளர் ஒன்று குடித்தால் 300 மில்லிகிராம் போய்ச் சேரும், அதுவும் தினமும். விளாம்பழம் ஒன்றை உடைத்தால் ஓடு போக 100 கிராமுக்கு முன்னே பின்னே சதை தேறும். அதைத் தினமும் தின்கிறவர் யார்? இன்னொன்று, பாலில் உள்ள கால்சியம் உடம்பில் எளிதில் சேரக்கூடியது. நாரும் விதையும் துவர்ப்பும் கூடிய ஓர் உணவிலிருந்து அதே சுலபத்தில் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. இவ்வளவு சொன்ன பிறகும், வாழைப்பழத்தின் 17, மாம்பழத்தின் 14 இவற்றோடு பக்கத்தில் வைத்தால் 130 என்பது பெரிய எண்தான். இப்போதைய பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1,000 மில்லிகிராம். அதில் 13 சதவீதத்தை ஒரு பழம் கொண்டுவருகிறது. மனதாரப் பாராட்டலாம்.

அதிகம் யாரும் பேசாத ஒன்று ரிபோஃப்ளேவின் என்ற பி-2 வைட்டமின். 0.17 மில்லிகிராம், பசும்பாலின் 0.19க்குப் பக்கத்தில். பால், முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது எளிதில் கிடைக்காத வைட்டமின். நான் விளாம்பழத்தைப் பற்றி விளம்பரம் எழுத வேண்டியிருந்தால் புரதத்தை விட்டுவிட்டு இதைத்தான் எழுதுவேன்.

வைட்டமின் சி விஷயத்தில் பலருக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. எலுமிச்சை, நாரத்தை வகையறாவின் தாவரக் குடும்பத்தையே சேர்ந்தது விளா. லின்னேயஸ் இதற்கு வைத்த தாவரப் பெயர் லிமோனியா அசிடிசிமா. ‘அசிடிசிமா’ என்றால் ரொம்பப் புளிப்பானது என்று பொருள். புளிக்கிறது, எலுமிச்சைக்கு உறவு, அப்படியானால் வைட்டமின் சி கொட்டிக் கிடக்கும் என்று தோன்றுவது இயல்பு. அட்டவணையில் இருப்பது 3 மில்லிகிராம். நெல்லிக்காயில் 600, கொய்யாவில் 212. புளிப்பு என்பது சிட்ரிக் போன்ற அமிலங்களின் வேலை. வைட்டமின் சி-யும் ஓர் அமிலம்தான் என்றாலும் நாக்கில் தெரியும் புளிப்புக்கும் அதன் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. புளிப்பே இல்லாத கொய்யா அதற்குச் சாட்சி.

இரும்புச்சத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். விளாம்பழம் ரத்தசோகையைப் போக்கும் என்று எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்த்தேன். இதில் இரும்பு 0.48 மில்லிகிராம். வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். ஒரு முழுப் பழமும் அதில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. அவர்களில் ஒருத்தி இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் அதற்கு யார் பொறுப்பு? பழத்தின் பழுப்பு நிறத்தைப் பார்த்து இரும்பு என்று யாரோ நினைத்திருக்கலாம். நிறம் சத்தைக் காட்டாது.

நார் 5.0 கிராம் என்ற எண் இதற்கு நேர்மாறு. பழத்துக்கு அநியாயம் செய்கிறது. பழைய அட்டவணையில் அது ‘கச்சா நார்’. மாதிரியை அமிலத்திலும் பிறகு காரத்திலும் கொதிக்கவைத்து, கரையாமல் எஞ்சுவதை எடை போடுவார்கள். இந்தக் கொதியில் பெக்டின் என்ற கரையும் நார்ப்பொருள் கரைந்து ஓடிவிடும். விளாம்பழமோ பெக்டின் நிறைந்தது. அதனால்தான் இதன் சாற்றில் சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் ஜெல்லி மாதிரி இறுகுகிறது, ஜாம் போடுகிறவர்களுக்குத் தெரியும். குடலில் நார் செய்யும் வேலையைப் பெக்டினும் செய்கிறது. ஆனால் பழைய முறையில் அது நாரோடு எண்ணப்படாமல், கழித்து வந்த அந்த 18.1க்குள் மாவுச்சத்து என்ற பெயரில் போய் உட்கார்ந்துவிட்டது. இன்றைய ‘உணவு நார்’ முறையில் அளந்தால் நார் கூடும், மாவுச்சத்து இறங்கும். சர்க்கரை நோய்க்காரர்கள் 18.1ஐப் பார்த்து மிரள வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்கள் மிரள வேண்டியது வெல்லத்தைப் பார்த்து. வெறும் விளாம்பழத்தை முகம் சுளிக்காமல் தின்கிறவர்கள் அபூர்வம். நாங்கள் அன்றைக்கு ஒரு பழத்துக்குப் போட்ட வெல்லம் ஒரு பெரிய எலுமிச்சை அளவு உருண்டை, 50 கிராம் என்று வையுங்கள். வெல்லத்தில் 100 கிராமுக்கு 383 கலோரி. ஆக அந்த உருண்டை 190 கலோரியைக் கொண்டுவந்தது; பழம் கொண்டுவந்தது 134. கிண்ணத்தில் இருந்ததில் ஆற்றல் கணக்குப்படி பழத்தைவிட வெல்லம் அதிகம். விளாங்காயைப் பச்சைமிளகாய், உப்பு வைத்துத் துவையலாக அரைக்கிற வழக்கம் இந்த வகையில் எவ்வளவோ மேல். காயின் துவர்ப்பு மட்டும் சிலருக்குத் தொண்டையைப் பிடிக்கும்.

இனி, எண்கள் தடம் மாறிய கதை. விளாம்பழம் என்று இணையத்தில் படித்த பத்துக் கட்டுரையில் நான்கைந்தாவது வேறொரு பழத்தைப் பற்றியவை: வில்வம். தமிழில் விளா வேறு, வில்வம் வேறு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வில்வத்துக்கு மூன்றிலை, சிவனுக்குச் சாத்துவது. விளாவுக்கு ஒரு காம்பில் ஐந்து ஏழு என்று குட்டி இலைகள், கசக்கினால் சோம்பு மாதிரி வாசனை. வில்வக்காயின் ஓடு வழுவழுப்பு, பழுத்தால் மஞ்சள். உள்ளே பசை போன்ற மஞ்சள் சதை. விளாவின் ஓடு சொரசொரப்பு, சதை பழுப்பு. வங்காளத்தில் பேல் வேறு, கத்பேல் வேறு. இந்தியில் பேல் வேறு, கைத் வேறு. சிங்களத்தில் பெலி வேறு, திவுல் வேறு. ஆங்கிலத்தில் மட்டும் இரண்டுக்குமே ‘வுட் ஆப்பிள்’ என்ற பெயர் ஓடுகிறது. விளாவுக்கு அங்கே ‘யானை ஆப்பிள்’ என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் தேடினால் அஸ்ஸாமில் மீன் குழம்பில் போடும் ஔ தெங்கா என்ற மூன்றாவது பழம் வந்து நிற்கும். நம் மொழிகளில் தெளிவாக இருந்ததை ஆங்கிலம் வழியாகப் போய்க் குழப்பிக்கொண்டு, திரும்பத் தமிழில் மொழிபெயர்த்து, ‘விளாம்பழத்தின் பயன்கள்’ என்று வில்வத்தின் எண்களை எழுதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான்.

அதே பழைய அட்டவணையில் வில்வத்தின் வரியைப் பாருங்கள்: நீர் 61.5, புரதம் 1.8, கொழுப்பு 0.3, தாது 1.7, நார் 2.9, மாவுச்சத்து 31.8, ஆற்றல் 137. கலோரி கிட்டத்தட்ட ஒன்று, உள்ளடக்கம் முற்றிலும் வேறு. வில்வம் இனிப்புப் பழம். அதன் விதை தனித்தனி அறைகளில் பசைக்குள் இருப்பதால் எடுத்துப் போட்டுவிடலாம், கொழுப்பு 0.3இல் நிற்பதும் அதனால்தான். ‘விளாம்பழத்தில் 1.8 கிராம் புரதம், 31.8 கிராம் மாவுச்சத்து’ என்று எங்காவது கண்டால், அது வில்வத்தைப் பற்றியது என்று உடனே சொல்லிவிடலாம். அக்கா மகள் பார்த்த 7, குறைந்தபட்சம் சரியான பழத்தின் எண்.

வில்வத்தின் எண்களுக்கும் ஒரு விபத்து நேர்ந்திருக்கிறது. அதில் கரோட்டின் என்ற மஞ்சள் நிறச்சத்து 55 மில்லிகிராம் என்று பல கட்டுரைகள் சொல்கின்றன. தேசிய அட்டவணையில் இருப்பது 55 மைக்ரோகிராம். வழியில் எங்கோ ஓர் அலகு மாறி எண் ஆயிரம் மடங்காகிவிட்டது. கேரட்டிலேயே 1,890 மைக்ரோகிராம்தான். 55 மில்லிகிராம் என்றால் கேரட்டைப் போல 29 மடங்கு. அப்படி ஒரு பழம் இருந்தால் தின்றவர் உள்ளங்கையே மஞ்சளாகிவிடும். ரிபோஃப்ளேவினும் அப்படித்தான்: அட்டவணையில் 0.03, கட்டுரைகளில் 1.19. இவை இரண்டும் விளாம்பழக் கட்டுரைகளுக்குள்ளும் புகுந்துவிட்டன. விளாம்பழத்தின் உண்மையான கரோட்டின் 61 மைக்ரோகிராம். மாம்பழத்தின் 2,743க்கு முன்னால் ஒன்றுமே இல்லை. 

விளாம்பழத்தை வருடம் முழுக்க மதிக்கிற ஊர் பார்க்க வேண்டுமானால் இலங்கைக்குப் போகவேண்டும். அங்கே திவுல் என்றால் சாலையோரக் கடையிலும் கிடைக்கும், ஜாமாகவும் புட்டியில் அடைத்த பானமாகவும் கிடைக்கும். சதையைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கரைத்துக் குடிப்பார்கள். புளிப்பைத் தேங்காய்ப்பால் தணித்துவிடுவதால் வெல்லம் அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் கொழுப்பு தேங்காயிலிருந்து ஏறிவிடும்.

பானமோ ஜாமோ செய்யும்போது முதல் வேலை சதையை நீரில் கரைத்துச் சல்லடையில் தேய்ப்பது. விதையும் சக்கையும் மேலே நின்றுவிடும், வழவழவென்ற கூழ் கீழே இறங்கும். அந்த நிமிடத்திலேயே அட்டவணையின் 7.1ம் 3.7ம் இந்த உணவுக்குப் பொருந்தாமல் போய்விடுகின்றன, கொழுப்பில் பெரும் பங்கும் புரதத்தில் ஏறக்குறைய பாதியும் சல்லடையில் தங்கிவிட்டனவே. பெக்டின் இறங்கும், அமிலம் இறங்கும், கால்சியத்திலும் ஒரு பகுதி இறங்கும். பிறகு நீரும் சர்க்கரையும் சேர்த்துப் புட்டியில் அடைத்து, மேலே ‘புரதம் நிறைந்த விளாம்பழம்’ என்று ஒட்டினால் அது அந்தப் புட்டியைப் பற்றிய செய்தி இல்லை. புட்டியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள சத்து விவரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வருடச் சதுர்த்திக்கும் அதே அம்மாவிடம் வாங்கினேன். அவர் சொல்லாமலேயே ஒவ்வொன்றாகத் தரையில் போட்டுப் பார்த்து நான்கு எடுத்தேன். வீட்டில் வெல்லத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு சிட்டிகை உப்பும் ஏலக்காயும் சேர்த்துக் கிளறினோம். அக்கா மகள் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றாள். "விதை கடுக்குது மாமா" என்றாள். லேசாகக் கசக்கவும் செய்ததாம். ஆனாலும் இரண்டாவது கரண்டியையும் மென்றுதான் விழுங்கினாள்.